முப்பத்தொரு மணி நேரம்

குறட்டை நின்றால்தான் எனக்கு விழிப்பு வரும்.
எண்ணுவேன். பன்னிரண்டு, பதினைந்து,
ஒருமுறை முப்பத்தெட்டு வரை போனது.
அப்புறம் காற்று வாங்கிய மோட்டார்
சட்டென்று தண்ணீர் பிடித்தாற்போல
ஓர் இழுப்பு.

எத்திராஜ் தண்ணீர் லாரி ஓட்டுகிறார்.
பாடி சிக்னலில் பச்சை விழுந்தும் நகராமல்
ஸ்டியரிங்கில் நெற்றி வைத்திருந்த அன்று
பின்னால் நின்ற பஸ்காரர் இறங்கி வந்து
வாயை முகர்ந்து பார்த்தாராம்.
குடி இல்லை. தூக்கம்.

கீழ்ப்பாக்கத்தில் ஒரு ராத்திரி
மண்டையிலும் நெஞ்சிலும் ஒயர் ஒட்டிப் படுக்கவைத்தார்கள்.
மணிக்கு நாற்பத்தேழு முறை மூச்சு நிற்கிறது
என்று காலையில் தாள் கொடுத்தார்கள்.
அப்படியென்றால் பாதிக்குமேல்
நான் தூங்கிக்கொண்டிருந்திருக்கிறேன்.

மெஷின் போட்டால் நாலோ ஐந்தோதான், என்றார் டாக்டர்.
விலையைக் கடைக்காரர் சொன்னார்:
அறுபத்தெட்டாயிரம். மாஸ்க் தனி.
எங்கள் இன்சூரன்ஸ் அட்டையில் வராது.
வாடகைக்கென்றால் மாதம் நாலாயிரம், முன்பணம் பத்து.
மூச்சுக்கு அட்வான்ஸா என்று சிரித்தவர்
சிரித்த வாயோடு நாற்காலியிலேயே தூங்கிப்போனார்.

நான் சமைக்கப் போகிற வீட்டம்மா சொல்லித்தான்
அண்ணா நகரில் அந்தப் பழைய மெஷின்.
அப்பா போய்ட்டார், புதுசு மாதிரி இருக்கு, என்றான் மகன்.
இருபத்திரண்டு சொன்னான். பதினெட்டு கொடுத்தேன்.
மீதியை அவன் கேட்கவில்லை.

அழுத்தத்தைப் பன்னிரண்டில் வைத்த டெக்னீஷியன் பெண்
ஏதோ பட்டனை அழுத்திக்கொண்டே போய் நின்றாள்.
நாலு வருஷத்து மெஷின்,
மொத்தம் ஓடியது முப்பத்தொரு மணி நேரம்.

எண்பதாயிரத்துக்கு வாங்கியிருப்பார்.
ஐந்தாறு ராத்திரி கட்டிப் பார்த்துவிட்டு
பீரோ மேல் ஏற்றியிருப்பார்.
அவரைக் குறைசொல்ல எனக்கு வாய் வரவில்லை.
தும்பிக்கை வந்துடுச்சு, கொழுக்கட்டை வை
என்று முதல் நாள் கேலி பேசிய இவரும்
மூன்றாம் நாள் கழற்றி வீசியவர்தான்.
கன்னத்தில் பட்டை பதிந்த தடம்,
காய்ந்த நாக்கு.
இரண்டு மணிக்குக் கரண்ட் போனால்
வியாசர்பாடியே இருட்டில் கிடக்க
இவர் மட்டும் பிய்த்துக்கொண்டு எழுந்து உட்காருவார்.
இன்வெர்ட்டர் விலை இன்னும் விசாரிக்கவில்லை.

இன்றோடு நாற்பது நாள்.
குறட்டை இல்லை, அதனால் எனக்குத் தூக்கம் இல்லை.
மாஸ்க்கின் ஓட்டைப் பக்கம் விரல் வைக்கிறேன்,
விட்டுவிட்டுச் சூடாக வருகிறது.

நாலரைக்குத் தானாக எழுந்து
லாரி சாவியோடு போய்விட்டார்.
பட்டனை அழுத்திப் பார்க்கிறேன்:
இருநூற்று நாற்பத்தாறு.
அதில் முப்பத்தொன்று எங்களுடையது அல்ல.
கழிக்காமல்தான் டாக்டரிடம் சொல்வேன்.