முள்

அடெல்ஃபி கடைத்தொகுதியில்
கெங் பூன் இரண்டு கார்ட்ரிட்ஜ்களை எடுத்து வைத்தார்.
ஒன்று என் ஒரு மாதச் சம்பளம்.
மற்றது வீட்டில் சொல்லக்கூடிய விலை.
"உங்க செட்டுக்கு இது போதும்லா."
விற்பவர் வாயிலிருந்து 'போதும்'.
நம்பி வாங்கினேன்.

பகலில் துவாஸில் பாரந்தூக்கி ஓட்டுகிறேன்.
முப்பது டன் பெட்டியைக் கப்பல் அறியாமல்
இறக்கி வைப்பேன்.
இங்கே நாலு கம்பி,
சிவப்பு வெள்ளை பச்சை நீலம்,
என் நடுக்கத்தை எனக்கே ஆடிக் காட்டின.
கையில் சுகிர்தாவின் புருவ இடுக்கி.
ஒரு திருகாணி விழுந்து காணாமல் போக
கைபேசி வெளிச்சத்தில் மூவரும் தவழ்ந்தோம்.
மகளின் உள்ளங்காலில் ஒட்டியிருந்தது.

ஒன்று புள்ளி ஐந்து கிராம்.
ஒன்று புள்ளி ஒன்பது.
காற்றாடியை நிறுத்தச் சொன்னேன்.
ஒன்று புள்ளி எட்டு.
மூக்கு நுனியில் ஒரு வேர்வைத்துளி,
அது எத்தனை கிராமோ.

செங்காங் இலகு ரயில் கடந்து போகும்வரை
பொறுத்திருந்து
நாகஸ்வரத் தட்டின் மேல் இறக்கினேன்.

இதுநாள்வரை கேளாத கீறல்கள்.
வரிசையாக, மழைபோலக்கூட இல்லை,
அப்பளம் நொறுங்குவதுபோல.

தேய்ந்த பழைய முள்
இத்தனையும் போட்டதும் அதுதான்
என் காதுக்கு மறைத்ததும் அதுதான்.

"காசு கொடுத்துக் கீறல் வாங்கியிருக்கீங்க"
என்றாள் சுகிர்தா, எழுந்து போகாமல்.

பழையதை எறியவில்லை.
புதியது வந்த பெட்டியில்
அதே பள்ளத்தில் வைத்து மூடினேன்.
கொஞ்சம் ஆடுகிறது.