நியூ ஃபோல்டர் நான்கு

கம்ப்யூட்டர் வந்த நாளில்
திரையில் ஒரு பச்சை மேடு இருந்தது.
மேலே நீலம், இரண்டு மேகம்.
"இது எந்த ஊரு மலைம்மா?" என்றார் ரியாஸ் பாய்.
மரமில்லாத மலைக்கும் தண்ணியில்லாத ஆற்றுக்கும்
பேர்போன ஊரில்
அந்தப் பச்சை கொஞ்சம் கிண்டலாய்த்தான் இருந்தது.

பாயே போய்க் கோட்டையைப் படம் எடுத்து வந்தார்.
போனை நெட்டுக்குத்தலாய்ப் பிடித்திருந்தார்.
திரை நடுவே தீப்பெட்டி அகலத்தில் கோட்டை,
இரண்டு பக்கமும் கறுப்பு.
ஃபில் கொடுத்தால் கொத்தளம் வெட்டுப்பட்டது.
டைல் கொடுத்தால் வேலூருக்கு எட்டுக் கோட்டை.
ஸ்ட்ரெட்ச் கொடுத்தேன்,
மதில் சப்பாத்தியாய்ப் பரந்தது.
பாய்க்கு அதுதான் பிடித்தது.

மற்ற படங்கள் எல்லாம்
நியூ ஃபோல்டர்.
நியூ ஃபோல்டர் இரண்டில்
மோட்டார் காயில் கட்டிய பில்,
பாயின் மருமகன் வாங்கிய ஸ்கூட்டர் ஏழு கோணத்தில்.
மூன்றில் ஆதார் அட்டைகள்.
மால்டா, முர்ஷிதாபாத், அகர்தலா, கிரிடி.
காட்பாடியில் இறங்கி
ஸ்கேன் உறையும் குக்கருமாய் வந்து
கவுண்டரில் முகத்தை நீட்டிவிட்டு
சாவி வாங்கிப் போனவர்கள்.
ஆறாயிரத்துச் சொச்சம் பேர்.

ஒரு புதன்கிழமை காலை
கோட்டை இருந்த இடத்தில் ஒரு பெண் இருந்தாள்.
திரை முழுக்க.
தாடை கீழே வெட்டுப்பட்டு,
பன்னிரண்டு நம்பரும் விரல் நீளத்துக்கு.
குப்பைத்தொட்டிப் படம் சரியாக
அவள் நெற்றியில் உட்கார்ந்திருந்தது.

"இன்னா கஜபதி இது?"

நைட் டூட்டி கண்ணைக் கசக்கினான்.
"கோட்டை போரடிச்சிதுக்கா.
பத்து நிமிசத்துக்கு ஒரு படம் மாறுற மாதிரி வெச்சேன்.
எந்த ஃபோல்டர்னு பாக்கல."

நான் செட்டிங்கைத் தேடுவதற்குள்
ஒரு கிழவர் வந்தார், போனார்.
மொட்டையடித்த பையன் வந்தான்.
தண்ணீர் கேன் கேட்க வந்த ஆள்
கேனை மறந்து நின்றார்.
மாடியிலிருந்து இன்னும் நாலு பேர்.
அவரவர் முகத்துக்காகக்
கவுண்டரில் கை ஊன்றிக் காத்திருந்தார்கள்,
டோக்கன் நம்பருக்குக் காத்துப் பழகினவர்கள்.

இருநூற்றேழாம் ரூம்காரர் கடைசியாக வந்தார்.
தபன் மண்டல்.
வந்தபோது இரண்டு கார்டு.
போன செவ்வாய்க்கிழமைதான்
டபுளைச் சிங்கிளாக மாற்றி ரசீது போட்டேன்.
வித்தியாசம் முந்நூறு ரூபாயை
எண்ணாமல் பையில் வைத்தார்.

அவர் எதுவும் கேட்கவில்லை.
பத்து நிமிடம் நின்றார். ஒரு முகம்.
இன்னொரு பத்து.

கால்குலேட்டரை எடுத்தேன், ஏனென்று தெரியாது.
ஆறாயிரம் பெருக்கல் பத்து.
நாற்பத்தோரு நாள், ராத்திரி பகல் சேர்த்து.
அவருடைய ரயில் வெள்ளிக்கிழமை.

"தீதீ" என்றார்.
அதற்கு மேல் அவருக்குத் தமிழ் இல்லை,
எனக்கு வங்காளம் இல்லை.

தேதிவாரியாக அடுக்கினேன்.
ஏப்ரல் பத்தொன்பது. மத்தியானம்.
முதல் கார்டு அவருடையது,
அடுத்தது அவர் வீட்டம்மாவுடையது.
ரைட் கிளிக்.
ஃபில் வேண்டாம், நெற்றி போய்விடும்.
ஸ்ட்ரெட்ச் வேண்டவே வேண்டாம்.
சென்டர்.

உள்ளது உள்ளபடி,
உள்ளங்கை அளவில்,
சுற்றிலும் கறுப்பு.
கேமராக்காரன் மேல் ஏதோ கோபத்தோடு
அந்த அம்மா பார்த்துக்கொண்டிருந்தார்.
தபன் மண்டல் சிரித்தார்.
கோபம் அவருக்குத் தெரிந்த கோபம் போல.

பதினோரு மணிக்கு பாய் வருவதற்குள்
சப்பாத்திக் கோட்டை திரும்பிவிட்டது.

மாசக் கடைசியில் இடம் அடைத்துக்கொள்கிறது என்று
பழையதை அழிக்கச் சொன்னார்.
மொத்தமாகத் தேர்ந்தெடுத்தேன்.
கன்ட்ரோலை அழுத்தியபடி ஒன்றை மட்டும் விட்டேன்.

அதற்குத் தனியாக ஒரு ஃபோல்டர்.
பெயர் கேட்டுக் கோடு மினுக்கியது.
அவர் பெயரை அடிக்கலாம்,
பாய் பார்த்தால் இது யாரென்பார்.
நானும் என்ன சொல்வேன்.
வெறும் என்டரைத் தட்டினேன்.