பதினாறு பக்கம்

பேரணாம்பட்டுத் தோல் ஷெட்டில்
இருபத்திரண்டு வருஷம் சுண்ணாம்புக் குழியில் நின்றவர்
முனிரத்தினம்.
இடது பெருவிரலை மையில் ஒற்றி
நாலு தடவை அழுத்தினார்.
நாலு தடவையும் ஒரு நீல வட்டம்.
உள்ளே ரேகை இல்லை.

"இது செல்லுமா சிஸ்டர்?"

பதினாறு பக்கம் அந்தப் படிவம்.
பாலாற்று மணல் மாதிரி உலர்ந்த தமிழ்:
'பங்கேற்பாளர் சமவாய்ப்பு முறையில் ஒதுக்கீடு செய்யப்படுவார்.'
எனக்கே மூன்றாவது வருஷம்தான் அது புரிந்தது.
குலுக்கல் சீட்டு என்று சொன்னேன்,
சத்துவாச்சாரியில் மாதாமாதம் நாங்கள் போடுகிறோமே, அது.
டப்பாவில் பேர் கிடக்கும்.
யாருக்குப் புது மருந்து, யாருக்குப் பழையது,
எனக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது.

"தெரியாதுன்னு சொல்ற ஆஸ்பத்திரிய
இப்பத்தான் பாக்குறேன்" என்றார்.

சோதனை என்ற சொல்லோடு எனக்குப் பழைய சண்டை.
கடவுள் தருவதும் அதுதான்,
எலிக்குத் தருவதும் அதுதான்.
குடியாத்தத்தில் பீடி சுற்றும் ஷம்ஷாத் பீ
அந்த ஒரு வார்த்தைக்கே
பையை எடுத்துக்கொண்டு எழுந்து போனார்.
தடுக்கவில்லை.
வேண்டாம் என்று சொல்லலாம் என
ஒன்பதாம் பக்கத்தில் இருக்கிறது.
அவர் அந்தப் பக்கத்தைப் புரட்டாமலே படித்துவிட்டார்.

ஒரு நைட் டியூட்டியில்
ஏழு வருஷப் பதிவேட்டை எண்ணினேன்.
சேர்ந்தவர்கள் முந்நூற்றுப் பதினொன்று.
ஜவ்வாது மலையிலிருந்து இரண்டு பேர்.
நோய்க்கு மலை ஏறத் தெரிந்திருக்கிறது.

மறுநாள் கூட்டத்தில் பஸ் காசு கேட்டேன்.
பீஞ்சமந்தையிலிருந்து இறங்கி
ஒடுகத்தூரில் பஸ் பிடித்து வருகிறவருக்கு
வேலூர் மத்தியானம்தான் வரும்,
ரத்தம் எடுக்கும் ஜன்னலைப்
பதினோரு மணிக்கு மூடாதீர்கள் என்றேன்.
"சிஸ்டர் சுகிர்தா, இது ஆராய்ச்சி,
போக்குவரத்துக் கழகம் இல்ல."
எல்லாரும் சிரித்தார்கள். நானும்தான்.
அப்புறம் பத்தொன்பது மாதம்
அதையே கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஜன்னல் இப்போது நாலு மணிக்கு மூடுகிறது.
மேலே ஒட்டிய நோட்டீஸில்
'இரத்தம்' என்பதில் ஒரு த் குறைகிறது.
திருத்த நேரமில்லை, வரிசை நீளம்.

குலுக்கலில் முனிரத்தினத்துக்கு விழுந்தது பழைய மருந்து.
அது தெரிய மூன்று வருஷம் ஆனது.
அதற்குள் அவர் இல்லை.
மகள் வந்தாள், ஷூ கம்பெனி அடையாள அட்டை
கழுத்தில் இன்னும் தொங்க.
"அப்பாவுக்குச் சீட்டு விழலியா?"

விழவில்லை என்றேன்.
புது மருந்து இப்போது எங்கள் வார்டிலேயே கொடுக்கிறோம்
என்று சொல்ல வாயெடுத்து,
சொல்லாமல் ஃபைலைத் திறந்தேன்.
பஸ் காசு வாங்கிய பதினேழு வவுச்சர்.
ஒரு தவணைகூடத் தப்பவில்லை.
ஒவ்வொன்றின் அடியிலும்
ரேகையில்லாத அந்த நீல வட்டம்.

அவள் போனை எடுத்தாள்.
"ஒரு போட்டோ எடுத்துக்கவா சிஸ்டர்?"

விதிப்படி கூடாது.
நான் ஜன்னல் பக்கம் திரும்பி
வரிசையில் எத்தனை பேர் என்று
எண்ண ஆரம்பித்தேன், மெதுவாக.