எச்சில்

அரை மணி நேரமாக நாங்கள் எதுவும் தின்னவில்லை,
தண்ணீர்கூட இல்லை.
நாகஜோதிக்கு ஒரு குழாய், எனக்கு ஒரு குழாய்.
நீலக்கோடு வரை துப்ப வேண்டும்,
நுரை கணக்கில் சேராது
என்கிறாள் ஆராய்ச்சிக்கு வந்த பெண்.
நாகமலை அடிவாரத்தில் ஓர் அறை. ஏப்ரல்.
வாய் வறண்டு கிடக்கிறது.
புளியங்காயை நினைச்சுக்க என்கிறாள் நாகு.
நினைத்தேன், நிரம்பிவிட்டது.
அவளும் அதை நினைத்துத்தான் நிரப்பினாளாம்.

பிறகு படிவம்.

ஒரே பாயா? ஆம்.
ஒரே தட்டா? ஆம். ஒரே மாங்காயும்,
அவள் கடித்த பள்ளத்தில் என் பல் சரியாக உட்காரும்.
ஒரே பள்ளியா? ஆம்,
ஆறாம் வகுப்பு தவிர.

'தவிர' என்று எழுதும்போதே
செக்கானூரணியிலிருந்து ஆத்தாவின் குரல் கேட்டது.
அந்த வருசந்தான். அந்த ஒத்த வருசந்தான்.
டைபாய்டில் கிடந்த நாகுவைத்
திருமங்கலத்து அத்தை வீட்டில் விட்ட வருசம்.
அங்கே போய்த்தான் முடி கொட்டி கிராப்பு வெட்டினாள்,
பார் வைத்த சைக்கிளில் காலைத் தூக்கிப் போட்டாள்,
அந்த ஊர்த் தண்ணி சரியில்லை.

மாமா ஹாஸ்டலைச் சொல்வார். சித்தி செல்போனை.
அப்பா எதையும் சொல்லமாட்டார்.
ஒருநாள், மாட்டுக்குத் தண்ணி காட்டியபடி, யாரையும் பார்க்காமல் கேட்டார்:
'எங்க சின்னத்தை ஒச்சாயி
சோழவந்தான் தோப்புல
அந்த வெள்ளையம்மாளோட நாப்பது வருசம் இருந்துச்சே,
அந்த ரத்தமா இருக்குமோ?'
ஆத்தா சட்டியை நங்கென்று வைத்தாள்.
அந்த ரத்தம் எனக்குள்ளும்தானே ஓடுது
என்று நான் கேட்கவில்லை.
எனக்குக் கல்யாணமாகி மூன்று வருடம்.

எனக்கு முதலில் தெரிந்தது அவள் சொல்லி அல்ல.
ஆரப்பாளையம் பேருந்து நிலையம், இரவு ஒன்பதரை.
பையைக் கொடுத்துவிட்டு அவள் டிக்கெட் விசாரிக்கப் போனாள்.
பைக்குள் போன் அதிர்ந்தது, எடுத்தேன்.
என் முகத்தைப் பார்த்துத் திறந்துகொண்டது.
'பஸ் ஏறிட்டியா தங்கம்', ரெஜினா.
அதையே, ஏறக்குறைய அதே நிமிடத்தில்,
எனக்கும் ஒருவர் கேட்டிருந்தார்.
திரை அணைந்தது. விரலை வைத்தேன்.
பொருந்தவில்லை என்றது.
துடைத்துவிட்டு மறுபடி வைத்தேன்.
பொருந்தவில்லை.

ஒரே வயிறு, ஒரே நீர்.
ஆனாலும் யார் எந்தப் பக்கம் புரண்டோமோ,
எந்தச் சுவரில் யார் விரல் உரசியதோ.

கேள்வி முப்பத்தொன்று.
யார் மீது ஈர்ப்பு என்பதை எந்த வயதில் உணர்ந்தீர்கள்?
காரணம் என்று எதையாவது நினைக்கிறீர்களா?
நாகு மளமளவென்று எழுதிக்கொண்டிருந்தாள்.
ஊரே அவளிடம் கேட்டுப் பழகிய கேள்வி,
பதில் மனப்பாடம்.
என்னை யாரும் கேட்டதே இல்லை.

வயது இருபது என்று போட்டேன்.
உசிலம்பட்டி பஸ்ஸில் ஒரு கண்டக்டர்,
படிக்கட்டில் சாய்ந்து விசில் அடிக்க மறந்து
யாரோ ஒரு கிழவியின் கோழிக்கூடையை ஏற்றிவிட்டான்.
அவ்வளவுதான். பின்னால் அவனையே கட்டிக்கொண்டேன்.
அது எங்கிருந்து வந்தது?
யாரைப் பார்த்துப் படித்தேன்?
எந்த ஊர்த் தண்ணி எனக்குச் சேரவில்லை?
அந்த ஒத்த வருசம் எனக்கும்தானே ஒத்த வருசம்.
பெஞ்சில் பக்கத்து இடம் காலி,
தட்டில் பாதி மிச்சம்.
நாகு அப்படியே இருக்க
மாறியவள் நானாக இருந்தால்?

படிவத்தில் ஒரு வரிதான் இடம் விட்டிருந்தார்கள்.
'தெரியவில்லை' என்று எழுதினேன், அடித்தேன்,
மறுபடி அதையே எழுதினேன்.

அந்தப் பெண் குழாய்களில் எண் ஒட்டினாள்.
எங்களைப் பார்த்தாள், குழாய்களைப் பார்த்தாள்,
ஒட்டியதை இன்னொரு முறை சரிபார்த்தாள்.
இனிமே சாப்பிடலாம் என்றாள்.

வெளியே வேப்பமர நிழலில் ஸ்கூட்டியோடு ரெஜினா,
கையில் நன்னாரி சர்பத், ஒரே டம்ளர்.
மூன்று பேர் வருவோம் என்று யோசிக்கவில்லையாம்.
நாகு பாதி குடித்துவிட்டு என்னிடம் நீட்டினாள்.
விளிம்பைத் துடைக்காமல் வாங்கிக் குடித்தேன்.
புளிப்பு கொஞ்சம் தூக்கல் என்றேன்.
இல்லையே, சரியாத்தான இருக்கு என்றாள்.