இருபத்தாறாம் நிமிடம்

முசஃபா. இரவு பதினொன்றரை.
டயர்க்கடைப் பின்புறம்
பிக்கப்பின் நாலு கதவும் திறந்திருக்க
வெல்டர் தொபியாஸ், நான்,
மருந்துக்கடை அங்கியோடே வந்த பஜிலா.

கிட்டார் கம்பிகளுக்கிடையே ஸ்பேனர் செருகி
எவாரிஸ்ட் வாசித்த நாற்பது நிமிடம்
ஓடுகிறது.
அறையில் யாரும்
இரண்டுக்கு மேல் தாங்கியதில்லை.

கிரைண்டர் தகட்டைத் தொடும் முதல் நொடியை
இந்த ஆள் கேட்டிருக்கான்டா
என்கிறான் தொபியாஸ்.
மூக்கைச் சிந்துகிறான்.

இருபத்தாறாம் நிமிடம்
கூரைமேல் ஏசி கம்ப்ரசர் நிற்கிறது.
அதுவரை அதுவும்
கூட வாசித்துக்கொண்டிருந்தது
அப்போதுதான் தெரிகிறது.

டார்ச்சோடு வருகிறார் பரமக்குடி வாட்ச்மேன்.
"என்னப்பா, ஸ்பீக்கர் போயிடுச்சா?"

"ஸ்பீக்கர் இல்லண்ணே"
என்கிறாள் பஜிலா.

டார்ச்சை அணைத்து
ஒரு டயர்மேல் உட்கார்கிறார்.
இன்னும் பதினோரு நிமிடம் இருக்கிறது.