இரண்டு கட்டங்கள்

படிவத்தில் இரண்டே கட்டம்.
ஒன்று ஹார்ஸ்ப்ளே: மதியச் சாப்பாட்டைத்
தனியாக உட்கார்ந்து தின்றால் தீர்ந்தது.
மற்றது ஃபைட்: மூன்று நாள் வீட்டில்.
நடுவே மயிரிழை அகலத்தில் ஒரு கோடு.
பதினாறு வருடமாக
அதன்மேல்தான் நடக்கிறது என் பேனா.

ஈகிள் பாஸ் நடுநிலைப் பள்ளி, முன்மேசை.
ஜன்னலைத் திறந்தால் ஆற்றின் ஈரவாடை.
இந்தக் கரையில் அதற்கு ரியோ கிராண்டே, பெரிய ஆறு.
அந்தக் கரையில் ரியோ பிராவோ,
முரட்டு ஆறு.
தண்ணீர் இரண்டுக்கும் திரும்பிப் பார்ப்பதில்லை.

குடிநீர்க் குழாயடியில் பிடித்தார்களாம்.
ஒசியேல், தோள் அகலமானவன்,
சிரிப்பு இன்னும் முடியவில்லை அவனுக்கு.
தாதேயோ, கீழுதடு பிளந்தவன்,
ஒரு கையைப் பொத்தியபடி.
துணைத் தலைமையாசிரியர் ஹாஸ்க்யூ கடிகாரம் பார்க்கிறார்:
"நெலிடா, என்னவாம்?"
"லுச்சித்தாஸ் என்கிறார்கள், சார்."
"அப்படியென்றால்?"

எப்படிச் சொல்ல.
லுச்சா என்றால் மல்யுத்தம்.
வாலில் ஓர் 'இத்தா' ஒட்டினால் குட்டியாகிவிடும்,
மடியில் ஏறி உட்காரும்.
சண்டைக்குச் செல்லப்பெயர் வைக்கிற மொழி என்னுடையது.
ரொட்டிக்கும் வைப்போம்,
செத்தவருக்கும் வைப்போம்.

அவருடைய மொழி குதிரையைக் கூப்பிடுகிறது.
குதிரை விளையாடிப் பார்த்திருக்கிறாரா?
என் மாமா உவால்டே பக்கம் லாயம் பார்த்தார்.
விளையாட்டுக்கு உதைத்ததில்
அவர் முழங்கால் இரண்டு தடவை சில்லானது.

அடங்காத குதிரையை ப்ரோங்கோ என்பார்கள் இங்கே,
எங்களிடம் வாங்கிப் போன சொல்.
நாங்கள் அதையே ப்ரோங்கா என்று திருப்புவோம்,
அப்போது குதிரை வராது,
நாற்காலி பறக்கும்.
சஃபர்ராஞ்சோ என்று வாய்திறந்தாலே பாத்திரம் உருளும்.
ஸ்கஃபிள் என்றால் மணலில் செருப்பு இழுபடும் சத்தம்,
அவ்வளவுதான், தூசி தட்டிவிட்டுப் போகலாம்.
கை விளையாட்டு, கயவர் விளையாட்டு
என்பாள் எங்கள் தெருவில் எந்தத் தாயும்.
சொல்லி முடிக்குமுன்
அவள் செருப்பு அவள் கையில் இருக்கும்.

ரஃப்ஹவுஸ் என்றும் ஒன்று உண்டு.
முரட்டு வீடு.
ஒருமுறை டெல் ரியோ மருத்துவமனையில்
நர்ஸ் கேட்டாள், கண் ஏன் இப்படி என்று.
விளையாடிக்கொண்டிருந்தோம் என்றேன்.
வேகமாகச் சொன்னேன்.
இரண்டு மொழியிலும் சொன்னேன்,
அவன் பக்கத்திலேயே நின்று
என் கைப்பையைப் பிடித்துக்கொண்டிருந்தான்.
அவள் எழுதிக்கொண்டாள்.
எழுத்து அழகாக இருந்தது.

தாதேயோவும் வேகமாகத்தான் சொன்னான்.

அவன் அம்மா சலவைக் கூடத்திலிருந்து போனில்.
பின்னால் இயந்திரம் சுற்றுகிறது.
"பெலேயாவா, ஹுவேகோவா?
சண்டையா, விளையாட்டா, ஒரே வார்த்தையில் சொல்லுங்கள் செஞோரா,
சூப்பர்வைசர் நிற்கிறாள்."
"கொஞ்சம் இருங்கள்" என்கிறேன்.
ஹாஸ்க்யூ என் பேனாவைப் பார்க்கிறார்.
அது ஹார்ஸ்ப்ளே பக்கம் சாய்ந்திருந்தது,
பழக்கதோஷம்.

ஒசியேலை ஐஸ் வாங்கிவர அனுப்புகிறேன்.
போகிறபோது சின்னவன் தலையைக் கலைத்துவிட்டுப் போகிறான்.
அது அன்பாகவும் இருக்கலாம்.
கதவு சாத்திய பிறகு
தாதேயோவின் கை திறக்கிறது.
சட்டைப் பொத்தான்.
பொத்தானோடு நூல்,
நூலோடு ஒரு துண்டுத் துணியும்.
படிவத்தின்மேல் வைக்கிறான்,
கடையில் சில்லறை வைப்பதுபோல.

போனில் இயந்திரம் நின்று, மறுபடி சுற்றுகிறது.
பேனாவை மூடிவைக்கிறேன்.
"சொல்" என்கிறேன்.

"எந்த மொழியில், மிஸ்?" என்கிறான்.