கண்ணாடிக்கு அந்தப் பக்கம்

எனக்குத் தெரிந்ததெல்லாம் சொத்து வரி.
டுலூத்தில் ஏரி பார்த்த வீடுகளின் மதிப்பைக்
குறைத்துக் காட்டிப் பிழைப்பவள்.
ஒரு வார விடுப்பில் டெக்சாஸ் வந்திருக்கிறேன்.
வாடகைக் காரில் பாதி மணல்.
பையில் மஞ்சள் தாள் கட்டு,
நேற்றிரவு விடுதிக் கட்டிலில்
அரைகுறையாய்ப் படித்து முடித்த தஞ்சச் சட்டம்.

'குடும்ப இல்லம்' என்கிறது பலகை.
இல்லத்துக்கு இரண்டு கதவு.
ஒன்று மூடிய பிறகுதான் மற்றது திறக்கும்.
காலணியைக் கழற்றச் சொன்ன காவலர்
நான் கொண்டுபோன மிட்டாய்களை எண்ணி எடுத்துக்கொண்டு
ரசீது கொடுத்தார்.

ஐந்தாம் அறை.
ஃபெர்மினா. குவாத்தமாலாவின் மலை. மாம் மொழி.
மடியில் வில்மர், ஆறு வயது,
கணுக்காலில் சுருண்டு கிடக்கும் பெரியவர் சாக்ஸ்.
மேசைத் தொலைபேசிக்குள் ஆன்செல்மோ:
ஓக்லாந்தில் ஓர் உணவகத்தில் தட்டுக் கழுவுகிறவர்,
வேலைக்கு நடுவே மொழிபெயர்க்கிறார்.
பின்னால் குழாய்ச் சத்தம்.
என் கேள்வி அவர் வழியாக மலையேறிப் போய்
அவள் பதில் இறங்கி வரும்வரை
பேனா மூடியைத் திறக்கிறேன், மூடுகிறேன்.

வியாழக்கிழமை அதிகாரி கேட்பார்.
சுற்றி வளைத்துக் கேட்டாலும் கேள்வி ஒன்றுதான்:
திரும்பிப் போக பயமா?

பயமில்லை, என்கிறாள்.

வேறு மாதிரி கேட்கிறேன்.
கடைக்கு ஆட்கள் வந்தார்களா?
வந்தார்கள்.
கணவர்?
இல்லை.
எங்கோ போயிருக்கிற இல்லை அல்ல.
அப்படியானால் பயம்?
பயமில்லை.
அவள் கை பையனின் முடியைக் கோதிக்கொண்டே இருக்கிறது.

குழாய்ச் சத்தம் நின்றது.
"வக்கீலம்மா, பையன் அங்கேயா இருக்கிறான்?"

இருக்கிறான்.
ஒரு சொல் விடாமல் கேட்டுக்கொண்டு இருக்கிறான்.

வெளியே அனுப்பவும் வழியில்லை.
எல்லையில் இருவரையும் ஒன்பது நாள் பிரித்து வைத்தார்களாம்.
அன்றிலிருந்து கழிப்பறைக்கும்
அவள் பாவாடை நுனியைப் பிடித்தபடிதான் போகிறான்.
அந்த விரல்களை நான் எப்படிப் பிரிக்க?
பிரிப்பதற்கு இங்கே சம்பளம் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள்.

ஃபெர்மினாதான் யோசனை சொன்னாள்.
கதவு கண்ணாடிதானே.
அவன் அந்தப் பக்கம் நிற்கட்டும்.
நான் முதுகு காட்டி உட்காருகிறேன்.
என் பின்னல் தெரிந்தால் போதும் அவனுக்கு.

சுவரைப் பார்த்துச் சொன்னாள்.
தீப்பிடித்தால் எந்த வழியாக ஓடுவது என்று
படம் ஒட்டிய சுவர்.
உதடு கோணிற்று, மூக்கு ஒழுகிற்று,
தோளை மட்டும் அசையாமல் பிடித்திருந்தாள்.
தோள் குலுங்கினால் அவன் கண்டுபிடித்துவிடுவான்.

நான் வலது கையால் எழுதினேன்.
இடது கையால் அவனுக்கு முயல் காட்டினேன்.
காது சரியில்லை என்று தலையசைத்து
தன் விரல்களால் திருத்தினான்.
முயல் துள்ளத் துள்ள
தேதி எழுதினேன், ஆற்றங்கரை எழுதினேன்,
எத்தனை பேர், என்ன வண்டி,
காவல் நிலையத்தில் என்ன சொல்லித் திருப்பியனுப்பினார்கள்.
சட்டம் ஐந்து பெட்டி வைத்திருக்கிறது:
இனம், மதம், நாடு, அரசியல் கருத்து, சமூகக் குழு.
அந்த ஆற்றங்கரை எதற்குள் அடங்கும்?

ஓரிடத்தில் ஆன்செல்மோ நிறுத்தினார்.
"மன்னிக்கணும். அந்தப் பாலம் எனக்குத் தெரியும்."
மறுபடி குழாயைத் திறந்துவிட்டுத் தொடர்ந்தார்.

விசாரணை வெள்ளிக்குப் போய், பிறகு திங்களுக்குப் போயிற்று.
சனிக்கிழமை என் விமானம்.
அடுத்த வாரத்துக்கு வருகிறவர்
சிகாகோவில் காப்புரிமை வழக்குப் பார்க்கிறாராம்.
அவருக்குக் குறிப்பு எழுதிவைத்தேன்:

ஐந்தாம் அறைதான் வேண்டும் என்று கேளுங்கள்.
நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் போடுங்கள்.
முகம் பார்க்காமல் நம்பமாட்டேன் என்பார் அதிகாரி,
விடாதீர்கள்.
மணி இரண்டுக்கு மேல் ஆன்செல்மோ கிடைக்கமாட்டார்.
இன்றிரவே விடுதியில் முயல் பழகிக்கொள்ளுங்கள்,
இடது கையால்.
காது முக்கியம்.